சரீரப் பிணை

மேல் நீதிமன்ற முதலியார்
இரண்டாம் தரம் கூப்பிட்ட பிறகுதான்
அது என் பெயர் என்று விளங்கி எழும்பினேன்.
மங்களேஸ்வரி.
வீட்டில் ஒருவரும் அவ்வளவு நீளமாய்க் கூப்பிடுவதில்லை.

கையில் கிராம அலுவலரின் கடிதம்,
தையல் கடையின் பதிவுத் துண்டு.
ஐந்து இலட்சம்.
"எதிரி ஓடினால் நீர் கட்டவேணும். விளங்குதா?"
விளங்குது ஐயா.

எதிரி.
கூண்டில் நிற்பவனுக்குக் கோட்டில் அதுதான் பெயர்.
எனக்கு அவன் தம்பி.
மூன்று வருடம் எட்டு மாதம் மறியல்.
பதினாலு நாள், பிறகும் பதினாலு நாள்,
அறுபது தவணை வரை எண்ணினேன்.
அதற்குள் அவனுக்கு இரண்டு பல் போயிற்று,
வழக்கு இன்னும் விளக்கத்துக்கு வரவில்லை.

கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று
சாப்பிட்டியா, சவர்க்காரம் இருக்கா,
நுளம்பு கடிக்குதா
எல்லாம் கேட்டேன்.
ஒன்றை மட்டும் கேட்கவில்லை.
சட்டத்தரணியும் கேட்கவில்லை.
கையெழுத்து வைக்கச் சொன்ன தாளிலும்
அதற்கு இடம் விட்டிருக்கவில்லை.

மாடு கட்டுவதற்கும் பிணைதான்,
மனிசரை அவிழ்ப்பதற்கும் பிணைதான்.
கயிற்றின் மறு நுனி
இப்போது என் இடுப்பில்.

கடவுச்சீட்டை ஒப்படைக்கவேண்டும்.
அவனிடம் அது இருந்ததே இல்லை,
இல்லை என்பதற்கு ஒரு கடிதம் எடுக்க
நாலு நாள் அலைந்தோம்.
சாட்சிகளோடு கதைக்கக்கூடாது.
மூன்றாம் சாட்சி சந்தியில் மில் வைத்திருக்கிறார்.
அதனால் மிளகாய்த்தூள் அரைக்க
நான் உரும்பிராய்க்குப் போகிறேன்.

விளக்கை நூர்த்தால் அவனுக்கு நித்திரை இல்லை.
விடிய ஐந்தரைக்கு நாய் குரைத்தால்
எழும்பி முற்றத்தில் வரிசைக்கு நிற்கிறான்,
ஒற்றை ஆளாய்.
பாவம் என்று நினைத்த அன்றுதான்
வாழைக்குலை வெட்டக் கத்தி கேட்டான்.
கொடுத்தேன்.
கொடுத்துவிட்டு வந்து மெசினில் நூல் கோர்க்கப் பார்க்க
ஊசித்துளை கிடைக்கவேயில்லை.

கடைசி ஞாயிறு.
ஒன்பதுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில்
கோப்பாய்ப் பொலிசில் கையெழுத்து.
சைக்கிளில் போனான்.

பதினொன்றரை போலத் தவமலர் வந்தா.
அருந்தவராசாவின் மனிசி.
படியில் செருப்பைக் கழற்றி
பையிலிருந்து துண்டை எடுத்து நீட்டினா.
இலக்கம் நூற்றுப் பதின்மூன்று.
என்னுடைய எழுத்து.
முற்பணம் இருநூறு.

கத்தரிப்பூ நிறப் பிளவுஸ்.
அண்ணன் வீட்டுக் கலியாணத்துக்கென்று தந்தது.
தைத்து முடித்த கிழமைதான் அது நடந்தது.
அலுமாரியின் அடித்தட்டில்
இத்தனை நாளும் மடித்தபடி.
கொண்டுபோய்க் கொடுக்கவும் முடியவில்லை,
வேறு ஒருவருக்கு வெட்டவும் மனமில்லை.

"அளவு மாறியிருக்கும்" என்றேன்.
"மாறட்டும்."
இஞ்சி நாடாவை எடுத்தேன்.
கைகளை விரித்து நின்றா.
முப்பத்தாறு இருந்த இடத்தில் முப்பத்தொன்று.
கோட்டில் சரீரம் சரீரம் என்றார்களே,
அது இதுதானாக்கும்.

மிச்சக் காசை எண்ணி வைத்தா.
வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை,
வாங்கவும் கை வரவில்லை.
மேசையிலேயே கிடந்தது.

"தம்பி எங்க?"
"கையெழுத்து வைக்க."
"திரும்பி வருவாரோ?"

வருவான் என்றேன்.
அதற்குத்தானே பிணை நின்றேன்.
செய்யவில்லை என்பதற்கு இல்லை,
அதற்கு என்னை ஒருவரும் கேட்கவில்லை.
இதை அவவுக்குச் சொல்லவில்லை.

பிளவுஸைப் பையில் வைத்தா.
போகவில்லை.
மணிக்கூட்டில் பன்னிரண்டு இருபது.
கோப்பாயிலிருந்து நீர்வேலிக்கு
சைக்கிளில் எவ்வளவு நேரம் பிடிக்கும்.

றோட்டில் ஒரு பருத்தித்துறை பஸ் போயிற்று.
புழுதி அடங்கும்வரை
இரண்டு பேரும் படலையைப் பார்த்தபடி நின்றோம்.